துடைத்துவிட்ட நட்சத்திரங்கள்

அந்தோணிராஜ் என் படத்திலிருந்த நட்சத்திரங்களை எல்லாம் துடைத்துவிட்டான். ஒன்று பாக்கியில்லாமல். ரேஷன் கடை வரிசையில் நின்றுவிட்டு மதியம் நான் ஸ்டூடியோவுக்குப் போனபோது, அவன் நாற்காலியைப் பின்னால் சாய்த்துக் கழுத்தில் சொடக்கு எடுத்துக்கொண்டிருந்தான்.

"எவ்ளோ தூசி தெரியுமா அதுல? காலைல ஒக்காந்தவன் இப்பதான் நிமிர்றேன். கண்ணெல்லாம் எரியுது. ஏம்மா, ஸ்கேன் பண்றதுக்கு முன்னாடி கண்ணாடிய ஒரு துணி போட்டுத் தொடைக்க மாட்டியா?"

நான் எதையும் ஸ்கேன் செய்யவில்லை. திரையைப் பார்த்தேன். ரோஜா நிறத்தில் ஒரு மேகம் மட்டும் மிதந்துகொண்டிருந்தது. சுற்றிலும் எண்ணெய் தடவியது போல வழவழப்பான கறுப்பு. மேகத்துக்கு நடுவில், மாலையும் கழுத்துமாக, வேறொரு பக்கத்துக்காக நான் வெட்டிவைத்திருந்த கல்யாணப் பெண்ணும் மாப்பிள்ளையும் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

அது ஆல்பத்துக்கான மேகம் இல்லை. வானத்தில் இருக்கிற நெபுலா. அதைப் படமாக்கியது நான்.

எங்கள் ஸ்டூடியோ மரக்காணம் கடைத்தெருவில் ஒரு மாடியில் இருக்கிறது. முதலாளி சகாயநாதன். நான் அண்ணா என்று கூப்பிடுவேன். போன வருஷம் டிஜிட்டல் கேமரா வாங்கினார். அதற்குப் பிறகு பிலிம் கழுவுகிற இருட்டறையில் பழைய பேனரும் உடைந்த குடையும் போட்டுவைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் டச்சப் செய்வது என் வேலை. முகத்தை வெளுப்பாக்குவது, பருவை எடுப்பது, மண்டபத்து மின்விசிறியை வெட்டிவிட்டு அங்கே நீர்வீழ்ச்சி வைப்பது.

சுனாமி வந்த டிசம்பரில் நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டார்கள். முகாமைக் காலிசெய்து மறுபடி வகுப்பு தொடங்கியபோது நான் அம்மாவோடு உப்பளத்தில் கூடை தூக்கிக்கொண்டிருந்தேன். யாரும் என்னைத் திரும்பிப் போகச் சொல்லவில்லை. பிறகு அம்மாதான் ஸ்டூடியோவில் கொண்டுவந்து விட்டாள். "பேசாத பொண்ணுங்க. கம்ப்யூட்டர் முன்னாடி ஒக்கார வச்சிட்டா யாருகிட்டயும் பேச வேணாம் பாருங்க" என்று என்னை அறிமுகப்படுத்தினாள். சகாயநாதன் அண்ணனுக்கு அது பிடித்துப்போயிற்று.

பிப்ரவரியில் அவர் ஒரு ஜூம் லென்ஸ் வாங்கிவந்து, சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார். மொட்டைமாடிக்குப் போனேன். பொழுது சாய்ந்துவிட்டது. எதை எடுப்பது என்று தெரியாமல், வரிசையாக நிற்கிற மூன்று நட்சத்திரங்களைப் பார்த்து லென்ஸைத் திருப்பினேன். ஒன்பதாவது அறிவியல் புத்தகத்தில் அவற்றுக்குக் கீழே ஒரு நெபுலா இருப்பதாகப் படம் போட்டிருந்தது. கறுப்பு வெள்ளையில், மை சிந்தியது போல இருக்கும். நட்சத்திரங்கள் பிறக்கிற இடம் என்று அடியில் ஒரு வரி. பெரிய தொலைநோக்கி இல்லாமல் அதெல்லாம் தெரியாது என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கியபோது, இருட்டில் எடுக்கிற படத்தில் விழுகிற முரட்டுக் குருணைகளுக்கு நடுவே நகம் அளவுக்கு ஒரு வெளிறிய ரோஜாக் கறை தெரிந்தது. டீச்சர் சொன்னது பொய் என்று அப்போது புரிந்தது. எனக்கு வந்த முதல் கோபம் அதுதான். தெரியாது என்று சொல்லிவிட்டால் யாரும் பார்க்கப் போக மாட்டார்கள் அல்லவா?

அந்த வாரம் ஒரு ஜோடியை அவுட்டோர் எடுக்க உப்பளத்துக்குப் போனோம். பெண்ணின் பெயர் அமுதவல்லி. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் உப்பளக் குத்தகைக்காரர்கள். உப்புக் குவியலுக்கு முன்னால் நின்றால் பின்னணி ஃபாரின் மாதிரி இருக்கும் என்று அவர்களே கேட்டு வந்தார்கள். நான் தெர்மாகோல் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சூரியன் விழுந்ததும் எல்லாரும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் டீ குடிக்கப் போய்விட்டார்கள். என்னைச் சாமான்களுக்குக் காவல் வைத்தார்கள்.

நிலா இல்லாத நாள். பாத்திகளில் நின்ற தண்ணீரில்கூட நட்சத்திரம் தெரிந்தது. வரப்பில் ஸ்டாண்டை ஊன்றி எடுக்க ஆரம்பித்தேன். இரண்டு விநாடிக்கு மேல் கேமரா திறந்திருந்தால் நட்சத்திரம் கோடாக இழுத்துக்கொண்டது. அதனால் இரண்டு விநாடி, மறுபடி இரண்டு விநாடி, மறுபடி என்று கார்டு நிரம்பும்வரை எடுத்தேன். கொசு முழங்காலைப் பிடுங்கியது. அவர்கள் டீ குடித்து, வடை தின்று, பேசி முடித்து வரும்வரை எடுத்தேன்.

ஒவ்வொரு படத்திலும் தனியாகப் பார்த்தால் ஒன்றும் இல்லை. இருட்டு, குருணை, ஏழெட்டுப் புள்ளி, அந்தக் கறை. ஆனால் குருணை ஒரு படத்தில் விழுந்த இடத்தில் அடுத்த படத்தில் விழாது. நட்சத்திரம் அப்படி இல்லை. அது இருக்கிற இடத்தில் இருக்கும். படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக லேயர் லேயராக அடுக்கி, நட்சத்திரத்தின்மேல் நட்சத்திரம் சரியாக உட்காரும்படி நகர்த்தி, எல்லாவற்றையும் சமமாகக் கலந்தால் குருணைகள் ஒன்றையொன்று மழுக்கிக்கொள்ளும். இருப்பது மட்டும் நிற்கும். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. குரூப் போட்டோவில் ஒருவர் கண்ணை மூடியிருந்தால் இன்னொரு படத்திலிருந்து கண்ணை எடுத்துவைப்போம். அந்த வேலையைச் செய்யும்போது தோன்றியதுதான்.

சகாயநாதன் அண்ணன் மதியம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குவார். அந்த நேரம் கம்ப்யூட்டர் என்னுடையது. முதலில் எல்லா லேயரையும் பாதி தெரியும்படி வைத்தேன். கடைசியாக வைத்த படம் மொத்தத்தையும் அமுக்கிக்கொண்டது. குருணை குறையவே இல்லை. ஏன் என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியாக வந்தவனுக்குப் பாதியைக் கொடுத்துவிட்டால் முன்னால் வந்தவர்கள் எல்லாரும் மீதிப் பாதிக்குள் அடித்துக்கொள்ள வேண்டியதுதானே? அதனால் இரண்டாவது படத்துக்குப் பாதி, மூன்றாவதுக்கு மூன்றில் ஒரு பங்கு, நான்காவதுக்குக் கால்பங்கு என்று குறைத்துக்கொண்டே போனேன். அப்போதுதான் எல்லாருக்கும் சமமாக வந்தது. எட்டு லேயருக்கு மேல் போனால் கம்ப்யூட்டர் நின்றுவிடும். எட்டெட்டாகச் சேர்த்து, சேர்த்தவற்றை மறுபடி சேர்த்தேன்.

இடையில் சிவப்புப் புள்ளிகள் எறும்பு வரிசை போல நீண்டு வந்தன. அவை வானத்தில் இல்லை, கேமராவுக்குள் இருப்பவை. வானம் நகர்கிறபோது அவை நகரவில்லை. நான் நட்சத்திரத்துக்குப் படத்தை நகர்த்தியபோது அவை வரிசை கட்டிவிட்டன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்தேன். புள்ளியைத் துடைக்க எனக்கும் தெரியும். பார்த்துத் துடைத்தேன்.

பிறகு இருட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினேன். மேகம் வந்தது. ஒரு பக்கம் இறக்கை விரித்த மாதிரி, இன்னொரு பக்கம் கறுப்பு விரல் ஒன்று உள்ளே நுழைந்த மாதிரி. சுற்றிலும் நட்சத்திரங்கள். கண்ணால் பார்த்தபோது அவற்றில் பாதிகூடத் தெரியவில்லை. அவை அங்கே இருந்திருக்கின்றன. நான் உப்புக் கூடை தூக்கியபோதும், முகாமில் குழம்புக்கு வரிசையில் நின்றபோதும். சொல்லிக்கொள்ளாமல் இருந்திருக்கின்றன.

சகாயநாதன் அண்ணனிடம் காட்டினேன். "சூப்பரா இருக்குதே. எந்த சிடில இருந்த பேக்ரவுண்டு?" என்றார்.

"நம்ம உப்பளத்துல எடுத்ததுங்கண்ணா. வானம்."

"உப்பளத்துலயா? போம்மா" என்று சிரித்தார்.

"இத அழிக்காம வச்சிக்கலாமாங்கண்ணா?"

அந்தக் கடையில் நான் கேட்ட முதல் விஷயம் அது. "வச்சிக்கோ. யாரு வேணாம்னா" என்றார். கார்டை அடுத்த கல்யாணத்துக்காக அழித்துவிட்டார்கள். கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்று நான் அடுக்கிய படங்களும் போயின. அந்த ஒரு ஃபைல் மட்டும் இருந்தது. ஒரு சிடி கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அதைத்தான் அந்தோணிராஜ் துடைத்தான். சகாயநாதன் அண்ணனுக்கு மச்சான். பாண்டிச்சேரியில் ஒரு கலர் லேபில் வேலை பார்த்துவிட்டு மார்ச்சில் இங்கே வந்து சேர்ந்தவன்.

"அது தூசி இல்லீங்க. நட்சத்திரம்" என்றேன்.

"எது?"

"நீங்க தொடைச்சது."

"நட்சத்திரமாவே இருக்கட்டும்மா. பொண்ணு மூஞ்சிக்குப் பக்கத்துல வெள்ளையா புள்ளி இருந்தா பார்ட்டி என்ன சொல்லுவான்? பிரிண்டு போச்சின்னு ஆல்பத்த நம்ம மேலயே வீசுவான். நாலு வருசம் இதான் வேல எனக்கு."

"பழைய ஃபைல் எங்க?"

"அதும்மேலயேதான் சேவ் பண்ணேன். ரெண்டு ரெண்டா வச்சா எடம் அடைக்கும்னு மாமாதான் சொல்லியிருக்குது."

சகாயநாதன் அண்ணன் படியேறி வந்தபோது, வழிவிடாமல் படி முனையில் நின்றேன். வச்சிக்கோன்னு சொன்னீங்களே என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாவது முறை சொல்ல வேண்டியிருந்தது.

"என்னம்மா பெரிய விசயம்?" என்றார். "கேமரா யாருது? என்னுது. கம்ப்யூட்டர் என்னுது. கரண்டு பில்லு நான் கட்டறேன். நீ எடுக்கறப்ப உனக்கு வேலை நேரம். அதுல உன்னுதுன்னு என்ன இருக்குது, சொல்லு பார்ப்போம்."

"அடுக்கினது நாங்க."

"அடுக்கினாளாம்டா" என்று அந்தோணிராஜைப் பார்த்தார். அவன் சிரித்தான். "தா பாரு, தவக்காலம் நடக்குது. யாரு மேலயும் கோவப்படக் கூடாதுன்னு இருக்கறேன். போய் வேலையப் பாரு."

அவர் கோபப்படாமல் இருக்க நான் போய் வேலையைப் பார்க்க வேண்டும். என் கோபத்துக்கு எந்தக் காலம் என்று அவர் சொல்லவில்லை.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அவள் பாதத்தில் உப்பு வெடிப்புக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். "படத்துல இருந்த புள்ளிக்காடி மூஞ்சிய தூக்கி வச்சிக்கினு இருக்கற?" என்றாள். "நான் வார்ற உப்ப எவன் எவனோ திங்கறான். போய் என்னுதுன்னு கேட்டுக்கினா இருக்கறேன்?"

"கேட்டிருக்கலாம்" என்றேன். சோற்றுக் கரண்டி என் முதுகில் விழுந்தது. வலிக்கும்படி இல்லை.

இரண்டு நாள் கழித்து அமுதவல்லி ஆல்பத்தைப் பார்க்க வந்தாள். எங்கள் ஊரில் பிரிண்டுக்கு அனுப்பும் முன் பார்ட்டி வந்து திரையில் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். அவளோடு நாத்தனார் வந்திருந்தாள். மாப்பிள்ளைக்கு அடுத்த வாரம் துபாய்க்கு விமானம். அதற்குள் ஆல்பம் கையில் இருக்க வேண்டும், அங்கே நண்பர்களுக்குக் காட்ட வேண்டும் என்று நாத்தனார் உட்காரும் முன்பே நான்கு தடவை சொன்னாள். சகாயநாதன் அண்ணன் இரண்டு கூல்டிரிங்ஸ் வாங்கிவரச் சொல்லி, பார்ட்டி பக்கத்தில் நின்றுகொண்டார்.

நான்தான் பக்கங்களைத் தள்ளினேன். ரோஜா மேகத்துப் பக்கம் வந்ததும் நாத்தனார், "ஐய, இது ஷோக்கா இருக்குது. சொர்க்கத்துல நிக்கற மாதிரி" என்றாள்.

அமுதவல்லி திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள். மேகத்தை அவள் பார்க்கவில்லை. தன் முகத்தைப் பார்த்தாள். பிறகு இடது கன்னத்தை விரலால் தொட்டாள். அங்கே மிளகு அளவுக்கு ஒரு மச்சம்.

"இங்க இருந்த மச்சம் எங்கங்க?"

"தொடைச்சாச்சி" என்றான் அந்தோணிராஜ். "தூசி கிளீன் பண்றப்பவே அதையும் எடுத்துட்டேன். இதுக்குத் தனியா சார்ஜ் இல்ல."

அவன் ஒரே கருவியால், ஒரே கையால், அவள் மச்சத்தையும் என் நட்சத்திரங்களையும் எடுத்திருக்கிறான். எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது. "அக்கா, திரும்ப வச்சிடலாம். உங்க ஒரிஜினல் சிடில இருக்குது. சொன்னீங்கன்னா இப்பவே வச்சிடறேன்" என்றேன்.

சகாயநாதன் அண்ணன் என்னை முறைத்தார். நாத்தனார் கூல்டிரிங்ஸை உறிஞ்சிவிட்டு, "மச்சம் இல்லாம மூஞ்சி பளிச்சினுதான இருக்குது? எங்க தம்பி அங்க நாலு பேருக்குக் காட்டணும்" என்றாள்.

அமுதவல்லி கையைக் கன்னத்திலிருந்து எடுத்தாள். "அண்ணி சொல்றதும் சரிதாங்க. இருக்கட்டும்."

எனக்கு அவள்மேல்தான் அதிகக் கோபம் வந்தது. அவளுக்கு ஒரிஜினல் இருக்கிறது. கேட்டால் கிடைக்கும். வேண்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் தலையைக் குனிந்துகொண்டு, அடுத்த பக்கம் போகலாம் என்பது போல என்னைப் பார்த்தாள். நான் தினமும் அப்படித்தான் நிற்கிறேன் என்று தெரிந்தது. அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அவர்கள் போனபிறகு நாற்காலியைவிட்டு எழுந்தேன். கஸ்டமர்கள் உட்காருகிற பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

"என்னம்மா, தலை சுத்துதா?" என்றார் சகாயநாதன் அண்ணன்.

"ஆல்பத்த நான் முடிக்க மாட்டங்க."

முதலில் அவருக்குப் புரியவில்லை. இன்னும் பன்னிரண்டு பக்கம் பாக்கி. அந்தோணிராஜுக்குப் புள்ளி துடைக்கத் தெரியும். ஆளைப் பின்னணியிலிருந்து வெட்டி எடுக்கத் தெரியாது. பெண்ணின் தலையில் ஒரு முழம் மல்லி இருந்தால், மல்லிக்கும் சுவருக்கும் நடுவில் வெட்டப் போய் அவள் காதை வெட்டிவிடுவான்.

"எனக்குக் கேமரா ஒரு சாயங்காலம் வேணும். உப்பளத்துல. எடுத்ததெல்லாம் சிடில போட்டு என் கையில குடுக்கணும். அந்தப் பக்கத்துல இருந்து என் படத்த எடுத்துடணும்."

"உன் படமா?"

"எம்படந்தான்."

அந்தோணிராஜ் விசிலடித்தான். "டேய், நீ சும்மா இரு" என்றார் அவர். சிலுவை மாட்டியிருந்த சுவரைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார். "பார்ட்டி சரி சொன்ன பக்கத்த மாத்த முடியாது. கேமரா வேணும்னா எடுத்துக்கினு போ. இவனும் கூட வருவான். எண்பதாயிரம் சாமான்."

நான் யோசித்தேன். அந்த மூன்று நட்சத்திரங்கள் தினமும் மேற்கே இறங்கிக்கொண்டிருந்தன. சித்திரை முடிவதற்குள் சூரியனுக்குள் போய்விடும். பிறகு கார்த்திகை தாண்டித்தான் சாயங்காலத்தில் தெரியும். அதுவரை இந்தக் கடையும் கேமராவும் நானும் எப்படி இருப்போம் என்று யார் கண்டது? துடைத்த படம் துடைத்ததாகவே துபாய்க்குப் போகட்டும் என்று ஒத்துக்கொண்டேன். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

மறுநாள் பொழுது சாய்ந்ததும் அந்தோணிராஜின் பைக்கில் உப்பளத்துக்குப் போனோம். நான் ஸ்டாண்டை ஊன்றினேன். அவன் பைக்கை வரப்பின் மேல் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல், ஹெட்லைட்டைப் பாத்திகள் மேல் எரியவிட்டு உட்கார்ந்தான்.

"லைட்ட அமத்துங்க."

"பாம்பு இருக்கும்மா."

"இருக்கட்டும்."

"உனக்கென்ன, நீ உப்பளத்துக்காரி. என்னைக் கடிச்சா எங்க அக்காவுக்கு யாரு பதில் சொல்றது?"

"லைட்ட அமத்துடா" என்றேன்.

டா என்று எப்படி வந்தது என்று தெரியாது. அவன் அணைத்துவிட்டான். இருட்டில் அவன் வாயில் சிகரெட் நுனி மட்டும் தெரிந்தது. அதையும் திரும்பி உட்கார்ந்து குடிக்கச் சொன்னேன். திரும்பி உட்கார்ந்தான்.

மேகம் இல்லை. மேற்கே வானம் சுத்தமாக இருந்தது. கார்டு நிரம்பும்வரை எடுத்தேன். ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கை அதிராமல். கடைசியில் லென்ஸை மூடிவிட்டு இருட்டையும் சில படங்கள் எடுத்தேன். கேமராவின் சொந்தப் புள்ளிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று அதில் தெரியும். இந்த முறை அவற்றை முதலிலேயே கழித்துவிடலாம்.

"மூடி போட்டுக்கினு எடுக்குதுடா இது" என்று அந்தோணிராஜ் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

சகாயநாதன் அண்ணன் சொன்னபடி சிடி போட்டுக் கொடுத்தார். நானும் சொன்னபடி பன்னிரண்டு பக்கத்தை முடித்தேன். மல்லிப்பூ ஒவ்வொன்றையும் ஒழுங்காக வெட்டினேன். ஆல்பம் பிரிண்டுக்குப் போன அன்று மாலை அவர் என்னைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

"உனக்கு வாய் நீண்டுடுச்சி. நாளைக்குக் கஸ்டமர் முன்னாடி எதுனா சொல்லுவ. சிடி வச்சிருக்கற இல்ல? வீட்ல டிவில போட்டுப் பாரு, போ."

எங்கள் வீட்டில் டிவி இல்லை என்று அவருக்குத் தெரியும். பக்கத்து வீட்டில் போட்டுப் பார்த்தோம். ஒரு படம் போய் அடுத்த படம் வந்தது. எல்லாம் ஒன்று போலவே இருந்தது. பக்கத்து வீட்டுச் செல்லம்மாள் அத்தை, "கேசட்டு போச்சி போலக்குதுடி" என்றாள். அம்மா டிவிக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து பார்த்தாள். பிறகு, "இருட்டுதாண்டி இருக்குது. இதுக்கா வேலைய விட்ட?" என்றாள். நான் விடவில்லை, நிறுத்தினார்கள் என்று சொல்லியும் அவளுக்கு ஏறவில்லை. அவளைச் சொல்லி என்ன? அடுக்காதவரைக்கும் அது இருட்டுதான்.

மறுபடி உப்பளத்துக்குப் போனேன். பாத்தியில் கட்டை போட்டு உப்பைக் கரைக்கு இழுக்கிற வேலை. வெயில் கீழிருந்தும் அடிக்கும். இழுக்கிற ஒவ்வொரு இழுவைக்கும் எனக்கு அந்தோணிராஜின் சொடக்கு எடுத்த கழுத்து ஞாபகம் வந்தது. உப்பு நன்றாகவே குவிந்தது.

ஈஸ்டர் கழிந்த வாரத்தில் சகாயநாதன் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். பைக்கை நிறுத்திவிட்டு வாசலில் நின்றார். அம்மா பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"அமராவதி எப்பிடி இருக்கற?" என்றார். அதுவரை அவர் என் பெயரைச் சொல்லிக் கேட்டதில்லை. "அந்த ஆல்பத்தப் பார்த்துட்டு ரெண்டு பார்ட்டி அதே ரோஸ் மேகம் வேணும்னு நிக்கறாங்க. ஒரு மஞ்ச நீராட்டு, ஒரு கல்யாணம். நம்மகிட்ட இருக்கறதுல பொண்ணு மாப்பிள்ளையோட சேர்ந்து ஒட்டிக்கிச்சி. பிரிக்க முடியல. இந்த மடையன் அதும்மேலயே சேவ் பண்ணிட்டான்."

நான் கையில் ஒட்டியிருந்த உப்பைத் தட்டிவிட்டேன்.

"சிடி உங்கிட்ட இருக்குது. கம்ப்யூட்டர் எங்கிட்ட இருக்குது. வந்து ஒக்காந்து அடுக்கிக் குடு. பழையபடி வேலைக்கும் வா. எல்லாத்தையும் மறந்துடலாம்."

அம்மா என் முதுகுக்குப் பின்னால் இடித்தாள்.

"நட்சத்திரம்?" என்றேன்.

"வச்சிக்கோம்மா. ஒரு புள்ளிய எவனும் தொடமாட்டான். போதுமா?"

என் கை சிடி இருந்த மாடத்துப் பக்கம் போனது. பொய் சொல்வானேன், போனது. அந்த நாற்காலி, அந்தத் திரை, மதிய நேரம். இரண்டு வாரத்தில் அடுக்கிவிடலாம். முதல் தடவையைவிட நன்றாக வரும்.

"அதும்மேல பொண்ணு மூஞ்சி வருமா?"

"வராம? ஆல்பம்மா அது."

"அப்ப வேணாங்க."

"என்னடி வேணாம்?" என்றாள் அம்மா.

"அடுக்கித் தரேன். அது தனியா இருக்கும். யாரையும் அதும்மேல நிக்கவைக்கக் கூடாது. சம்மதம்னா வரேன்."

"அப்ப எனக்கு அதுல என்னம்மா லாபம்?"

"ஒண்ணும் இல்ல."

அவர் என்னை ஏதோ தெரியாத ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு அம்மாவிடம், "நல்லா வளர்த்து வச்சிருக்கறீங்க" என்று சொல்லிவிட்டு பைக்கை உதைத்தார். முதல் உதையில் கிளம்பவில்லை. மூன்றாவதில்தான் கிளம்பியது. அதுவரை நாங்கள் இருவரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

அம்மா அன்று முழுக்கத் திட்டினாள். படத்துக்குச் சோறு போட முடியுமா, படம் உனக்குத் தாலி கட்டுமா என்றாள். நான் பதிலுக்குப் பதில் சொன்னேன். எங்கள் தெருவில் என் குரல் கேட்டது அன்றைக்குத்தான் என்று செல்லம்மாள் அத்தை பிறகு சொன்னாள்.

மறுநாள் உப்பள வேலை முடிந்து, காலைக் கழுவிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற டைப் இன்ஸ்டிடியூட்டுக்குப் போனேன். அங்கே ஒரு மூலையில் இரண்டு கம்ப்யூட்டர் உண்டு. அதை நடத்துகிற தனகோடி அக்கா கேள்வித்தாள் கட்டு ஒன்றை எண்ணிக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் வாடகைக்குக் கிடைக்குமா, காசுக்குப் பதிலாகக் கேள்வித்தாள் அடித்துத் தரலாமா என்று கேட்டேன். வழி நெடுக அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன்.

அவர் என் கையிலிருந்த சிடியைப் பார்த்தார். "தமிழ் அடிப்பியா?"

"அடிப்பேங்க."

"என்ன வேலை அதுல?"

"படம் அடுக்கணும். நாள் ஆகும்."

"கல்யாண ஆல்பமா?"

"இல்ல" என்றேன்.

கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையைக் குனியவில்லை. தனகோடி அக்கா மூலைக் கம்ப்யூட்டரின் மேல் கிடந்த துணியை எடுத்து உதறினார்.